ஒரு பல்லின் பிழை

கண்டியிலிருந்து மகியங்கனைக்குச் செல்லும் ஏ26 வீதியில், குண்டசாலையையும் திகனையையும் கடந்ததும் வரும் தெல்தெனியவில், தமிழ்நாட்டார் பிக்கப் என்று சொல்லும் வாகனத்துக்குக் ‘கெப்’ என்று பெயர். ஒரு வரிசை ஆசனம் கொண்டது சிங்கிள் கெப் என்றும் இரண்டு வரிசை கொண்டது டபிள் கெப் என்றும் வழங்கும். ரங்கல மலைச்சரிவுகளிலிருந்து மரக்கறியும் மிளகும் கராம்பும் இறங்குவதும், சீமெந்து மூடையும் கூரைத்தகடும் கலியாண வீட்டுக் கதிரைகளும் மேலே ஏறுவதும் பெரும்பாலும் இதன் முதுகில்தான். இவ்வாகனங்கள் பலவற்றின் எஞ்சின் முகப்பில், ரேடியேட்டருக்குப் பின்னே, அலுமினிய வார்ப்பு மூடி ஒன்றுக்குள், உரிமையாளரின் கண்ணில் ஒருமுறைகூடப் படாமல் ஆண்டுக்கணக்கில் சுழலும் சங்கிலி ஒன்று உண்டு. கராஜ்காரர் அதை டைமிங் செயின் என்பர். காலச் சங்கிலி என்று தமிழாக்கினால் அது தத்துவ நூலொன்றின் சொல்லாகிவிடும் என்பதால், கராஜின் சொல்லையே இக்கட்டுரையும் கைக்கொள்கிறது.

டைமிங் செயின் வாகனத்தை இழுக்கும் வேலையில் பங்குகொள்வதில்லை. எஞ்சினுக்குள் இருக்கும் இரண்டு தண்டுகளை ஒன்றுக்கொன்று முந்தாமலும் பிந்தாமலும் சுழல வைப்பதே அதன் பணி. கீழே இருப்பது கிராங்க் ஷாஃப்ட், அதாவது பிஸ்டன்களின் ஏற்ற இறக்கத்தைச் சுழற்சியாக மாற்றும் வளைதண்டு. மேலே இருப்பது கேம் ஷாஃப்ட், அதாவது தன் புடைப்புகளால் வால்வுகளை அழுத்தித் திறக்கும் தண்டு. நிக்கொலாஸ் ஒட்டோ 1876இல் ஜேர்மனியில் இயக்கிக் காட்டிய நான்கடிப்பு முறையில், காற்றை உள்ளிழுத்தல், அமுக்குதல், எரித்தல், புகையை வெளித்தள்ளல் என்னும் நான்கு செயல்களும் நிறைவேற வளைதண்டு இருமுறை சுற்ற வேண்டும். அதற்குள் ஒவ்வொரு வால்வும் ஒருமுறை மட்டுமே திறக்க வேண்டும். ஆகவே மேல்தண்டின் பல்சக்கரம் கீழ்த்தண்டினுடையதைப் போல் சரியாக இருமடங்கு பற்களைக் கொண்டிருக்கிறது. நிமிடத்துக்கு 3000 சுற்று ஓடும் எஞ்சினில் ஒவ்வொரு வால்வும் நொடிக்கு 25 முறை திறந்து மூடுகிறது. எந்தத் தவில் வித்துவானும் கைவைக்கத் தயங்கும் இந்தத் தாளத்தை மணிக்கணக்காகப் பிசகாமல் காப்பது, ஒயிலில் நனைந்த ஓர் இரும்புச் சங்கிலியே.

இயக்கத்தை ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குச் சங்கிலியால் கடத்தும் எண்ணம் மோட்டார் வாகனத்தைவிட மிகப் பழையது. 11ஆம் நூற்றாண்டின் இறுதியில் சீனாவின் கைஃபெங் நகரில் சு சொங் அமைத்த வானியல் மணிக்கூட்டுக் கோபுரத்தில், நீர்ச்சக்கரத்தின் சுழற்சியைக் கோபுர உச்சியிலிருந்த கோளமாதிரிக்கு எடுத்துச் செல்லச் சங்கிலி பயன்பட்டது. அங்கும் அது செய்தது நேரம் காக்கும் வேலை என்பது தற்செயலே எனினும் இனிமையான தற்செயல். இன்றைய சங்கிலியின் நேரடி மூதாதை, சுவிற்சர்லாந்தில் பிறந்து மன்செஸ்டரில் தொழில் நடத்திய ஹான்ஸ் ரெனோல்ட் 1880இல் காப்புரிமை பெற்ற உருளைச் சங்கிலி. அதன் ஒவ்வொரு மூட்டிலும் தகடுகளை இணைக்கும் மெல்லிய அச்சாகிய ‘பின்’ ஒன்றும், அந்தப் பின்னைச் சூழ்ந்த குழலாகிய ‘புஷ்’ ஒன்றும் உள்ளன.

சங்கிலி பழுதானால் ‘செயின் இழுபட்டுவிட்டது’ என்று கராஜில் சொல்வார்கள். சொல் காட்சிக்குப் பொருந்துகிறது, காரணத்துக்குப் பொருந்துவதில்லை. உருக்குத் தகடு இழுபட்டு நீள்வது அபூர்வம். ஒவ்வொரு மூட்டும் பல்சக்கரத்தில் ஏறும்போதும் இறங்கும்போதும் பின் தன் புஷ்ஷுக்குள் சற்றே திரும்புகிறது, திரும்பும்போது தேய்கிறது. ஒயில் பழையதாகி, டீசல் எஞ்சின் என்றால் புகைக்கரியும் அதில் கலந்து, உராய்வுத் தூள்போல் ஆகும்போது தேய்வு விரைவுபடுகிறது. ஒரு மூட்டின் தேய்வை ஒரு மில்லிமீற்றரின் ஐம்பதில் ஒரு பங்கு என்று வைத்துக்கொண்டால், அதை விரல் அறியாது, கண்ணும் அறியாது. நூறு மூட்டுள்ள சங்கிலியில் அத்தகைய தேய்வு எல்லா மூட்டிலும் நேர்ந்திருந்தால் சங்கிலி 2 மில்லிமீற்றர் நீண்டிருக்கும். இங்கே கவனிக்கத்தக்கது, குற்றவாளி என்று கைகாட்ட எந்த ஒரு மூட்டும் இல்லை என்பதே. எதைத் தனியே எடுத்து அளந்தாலும் அது நல்ல மூட்டாகவே இருக்கும், சங்கிலிதான் கெட்டிருக்கும். அறுந்த கயிற்றையும் உடைந்த பானையையும் பழுது என்று உடனே ஏற்கும் மனம், எங்கும் உடையாத ஒன்றைப் பழுது என்று ஏற்கத் தயங்குகிறது. டைமிங் செயினை மாற்றும் முடிவு பல வீடுகளில் மாதக்கணக்காகத் தள்ளிப்போவதற்குப் பணத்தட்டுப்பாடு மட்டும் காரணமாகாது.

சங்கிலி நீளும்போது மேல்தண்டு கீழ்த்தண்டுக்குச் சில பாகைகள் பிந்துகிறது. அதனால் காற்றை உள்ளே விடும் வால்வு மூட வேண்டிய கணத்துக்குச் சற்றுப் பின்னரே மூடுகிறது. அதற்குள் மேலேறத் தொடங்கிவிட்ட பிஸ்டன், இழுத்த காற்றில் ஒரு பகுதியை வந்த வழியே திருப்பித் தள்ளிவிடுகிறது. எஞ்சின் வேகமாகச் சுழலும்போது உள்ளே பாயும் காற்றின் உந்தம் இந்த இழப்பை ஈடுசெய்யும் என்பதால், திகனைப் பக்கத்துச் சமதரையில் குறை தெரிவதில்லை. தெல்தெனியவைத் தாண்டி ஹுன்னஸ்கிரிய நோக்கி ஏறும் வளைவுகளில், பாரத்தோடும் குறைந்த சுழற்சியோடும் எஞ்சின் முக்கி இழுக்க வேண்டிய இடத்தில்தான் அது வெளிப்படும். முன்பு மூன்றாம் கியரில் ஏறிய மேட்டுக்கு இப்போது இரண்டாம் கியர் தேவைப்படுகிறது. ஓட்டுநர் எரிபொருளைக் குறை சொல்வார், பில்டரைக் குறை சொல்வார், ஏற்றிய மூடைகளின் எண்ணிக்கையைக் குறை சொல்வார். மேடு அளவுகோலாக இருக்கிறது என்பது அவருக்குத் தோன்றுவதற்குப் பல பயணங்கள் ஆகும்.

கண்ணுக்கு முந்திக் காது அறியும் அடையாளம் ஒன்றும் உண்டு. சங்கிலியின் தளர்ந்த பக்கத்தை அழுத்திப் பிடிக்க ‘டென்ஷனர்’ என்னும் தள்ளுகருவி இருக்கிறது. பல எஞ்சின்களில் அது ஒயிலின் அழுத்தத்தால் இயங்குவது. இரவு முழுதும் நின்ற வாகனத்தில் அந்த அழுத்தம் வடிந்திருக்கும். காலையில் முதலில் இயக்கும்போது ஒயில் ஏறிச் சேரும்வரை, தளர்ந்த சங்கிலி தன்னைத் தாங்கும் வழிகாட்டிகள்மீது அடித்து, தகரப்பெட்டிக்குள் சில்லறையைக் குலுக்கினாற்போல் ஒலிக்கும். ‘செயின் கைட்’ எனப்படும் இந்த வழிகாட்டிகள், சங்கிலி இருமருங்கும் அலையாமல் வழுக்கிச் செல்வதற்கான நீண்ட பட்டைகள். டொயோட்டா ஹைலக்ஸில் 1980களில் வந்த 22ஆர் என்னும் 2.4 லீற்றர் பெற்றோல் எஞ்சின் இவ்விடயத்தில் உலகெங்கும் பெயர் பெற்றது. அதன் தொடக்ககால இரட்டை வரிசைச் சங்கிலி பின்னர் ஒற்றை வரிசையாக்கப்பட்டது; வழிகாட்டிகள் பிளாஸ்டிக்கால் ஆயின. காலப்போக்கில் பிளாஸ்டிக் வெடித்து விழ, கட்டற்ற சங்கிலி அலுமினிய மூடியின் உட்சுவரையே அராவி, இறுதியில் குளிர்நீர் ஓடும் பாதையைத் துளைத்துவிடும். நீர் ஒயிலில் கலந்து அதைப் பால்தேநீர் நிறமாக்கும். பிற்காலத்தில் வேறு உற்பத்தியாளர் உருக்கு முதுகு வைத்த வழிகாட்டிகளைச் செய்து விற்றனர். எளிதில் கெடாத எஞ்சின் என்று புகழப்பட்ட ஒன்றுக்குள் மலிவான பட்டை ஒன்று இவ்வளவு தீங்கு செய்தது, சிக்கனம் தவறான இடத்தில் நேர்ந்தால் என்ன ஆகும் என்பதற்குப் பொறியியல் தரும் நல்ல சான்றுகளில் ஒன்று.

இலங்கைக் கெப்களில் டீசல் எஞ்சின்களே மிகுதி. அவற்றுள் அதே ஹைலக்ஸின் பழைய 2எல் எஞ்சின் சங்கிலிக்குப் பதிலாகப் பற்கள் உள்ள றப்பர்ப் பட்டியைக் கொண்டது. 1962இல் ஜேர்மனியின் கிளாஸ் நிறுவனம் தன் 1004 காரில் அறிமுகப்படுத்திய வழி அது. பட்டிக்கு ஆயுள் குறிக்கப்பட்டிருப்பதால் அதை மாற்றும் நாள் முன்கூட்டியே தெரியும். சங்கிலி வாகனத்தின் ஆயுள் முழுதும் நிலைக்கும் என்று கருதப்பட்டதால் அதற்கு நாள் குறிக்கப்படவில்லை, எனவே அது நாள் சொல்லாமல் தேய்கிறது. நிசானின் வைடி25 டீசல் எஞ்சினில் இரண்டு சங்கிலிகள்: ஒன்று வளைதண்டிலிருந்து எரிபொருள் பம்புக்கு, மற்றது பம்பிலிருந்து கேம் தண்டுகளுக்கு. இதிலும் முன்னைய ஒற்றை வரிசைச் சங்கிலிகள் நீளும் இயல்பின என்பது மெக்கானிக்குகள் நன்கறிந்த செய்தி.

வாகனத்தின் ஆயுள் என்னும் தொடருக்கு இலங்கையில் தனிப்பொருள் உண்டு. அந்நியச் செலாவணியைக் காப்பதற்காக 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியிலேயே மீண்டும் வழி திறந்தது. இடையில் 2022 ஏப்ரலில் நாடு வெளிநாட்டுக் கடன் செலுத்துவதை நிறுத்தியது. டொலரின் விலை ஏறத்தாழ 200 ரூபாயிலிருந்து 360 ரூபாய் வரை சில வாரங்களில் தாவியது. எரிபொருள் வரிசைகள் நாட்கணக்கில் நீண்டு, அவ்வாண்டு ஜூலையில் கியூஆர் அட்டை முறை வந்தது. வேறு நாடுகளில் பழைய இரும்புக்குப் போயிருக்கக்கூடிய கெப்கள் இங்கே இன்னொரு ஐந்தாண்டு மலையேற வேண்டியிருந்தன. உரிய நாளில் ஒயில் மாற்றுவதும் ஆடம்பரமாகத் தோன்றிய அக்காலத்தின் தேய்வு, சங்கிலி மூட்டுகளில் ஐம்பதில் ஒரு மில்லிமீற்றராகப் பதிந்திருக்கிறது. பொருளாதார வரலாற்றை எழுதுவோர் மத்திய வங்கி அறிக்கைகளைப் புரட்டுவது இயல்பு. எஞ்சின் மூடிகளையும் அவர்கள் திறந்து பார்க்கலாம்.

செயின் ‘செட்’ ஒன்று வாங்குவதற்குக் கொழும்பு மருதானையின் பஞ்சிகாவத்தை வரை செல்ல நேரலாம். உதிரிப்பாகக் கடைகள் நெருங்கிய அத்தெருவில் அசல், போலி, கழற்றிய பழையது என்னும் மூன்று நிலைகளுக்கும் மூன்று விலைகள். வேலையைச் செய்ய ஊரிலேயே ‘பாஸ்’ கிடைப்பார். ஒல்லாந்து மொழியில் தலைவனைக் குறித்த இச்சொல், சிங்களத்தில் ‘பாஸ் உன்னெஹே’ என்று மரியாதை சேர்ந்து, தமிழில் மேசன் பாஸ், மெக்கானிக் பாஸ் என்று தொழிற்பட்டமாகிவிட்டது. ஆனந்த குமாரசுவாமி கண்டிக் கைவினைஞரைப் பற்றி 1908இல் வெளியிட்ட ‘இடைக்காலச் சிங்களக் கலை’ என்னும் பெருநூல், இயந்திர உற்பத்தியின் முன் அழியும் கைத்திறனுக்கான இரங்கலாகவும் அமைந்தது. ஆலை உற்பத்தியை வெறுத்த அவர், ஆலையில் வார்த்த பொருளைக் காதாலும் விரலாலும் அறிந்து உயிர்ப்பிக்கும் ஒரு கைவினைஞர் பரம்பரை அதே கண்டி மலைகளில் தோன்றும் என்று எண்ணியிருக்க மாட்டார். கராஜ் பாஸ் அவ்வாரிசுரிமையைக் கோரியதுமில்லை.

வீட்டு முற்றத்தில் இவ்வேலையைத் தாமே செய்பவர்களும் உண்டு. கூலியை மிச்சப்படுத்தும் தேவையே இதற்குப் பெரும்பாலும் காரணம் என்பதால், இதைத் தற்சார்பு என்று போற்றிப் பாடுவது பொருந்தாது. வடகீழ்ப் பருவமழை விட்ட இடைவெளியில், ஒரு தறப்பாளின் கீழ், பற்றரி கழற்றப்பட்டு, குளிர்நீர் வடிக்கப்பட்டு, ரேடியேட்டரும் விசிறியும் பட்டிகளும் ஒவ்வொன்றாக வெளியேறுகின்றன. பிறகு கீழ்த்தண்டின் நுனியிலுள்ள கப்பி. கராஜ் உச்சரிப்பில் இது ‘புலி’, அதன் நடுப் போல்ட்டைக் கழற்ற முயன்றவர் அப்பெயரை மறுக்கமாட்டார். வீட்டிலுள்ள ஒருவர் பிரேக்கை மிதித்துப் பிடிக்க, ஸ்பானர் கைப்பிடியில் இரும்புக் குழாய் மாட்டி நீட்டி, முழு உடல் எடையையும் தொங்கவிட்டாலே அது அசையும். 22ஆர் எஞ்சினில் இன்னுமொரு பொறி இருக்கிறது: மூடியைப் பிடித்திருக்கும் போல்ட்டுகளில் ஒன்று, எஞ்சின் தலைப்பகுதியின் முன்பள்ளத்தில் தேங்கிய ஒயிலுக்கு அடியில் மறைந்திருக்கும். அதை அறியாமல் மூடியை நெம்பியவர்கள் அலுமினியத்தை உடைத்திருக்கிறார்கள்.

இவ்வளவும் உடலுழைப்பு. வேலையின் அறிவு இதற்கு முன்பே, எதையும் பிரிப்பதற்கு முந்திய ஒரு செயலில் அடங்கியிருக்கிறது. முதலாம் சிலிண்டரின் பிஸ்டனை, அமுக்கம் முடிந்து எரிதல் தொடங்கும் உச்சிக்குக் கொண்டுவர வேண்டும். கராஜில் இதற்கு ‘டொப்புக்கு எடுத்தல்’ என்று பெயர். கீழ்த்தண்டு இருமுறை சுற்ற மேல்தண்டு ஒருமுறை சுற்றுவதால், பிஸ்டன் உச்சிக்கு வரும் இரு தருணங்களில் ஒன்றே சரியானது; கீழுள்ள குறி இரண்டிலும் ஒன்றுபோலப் பொருந்தி நின்று ஏமாற்றும், வால்வுகளின் நிலையைப் பார்த்தே எது என்று தெளிய முடியும். அதன்பின் பல்சக்கரங்களில் ஆலையிட்ட புள்ளிகளைத் தேடித் துடைத்து, வெள்ளைப் பெயின்ற் தொட்டுத் துலக்க வேண்டும். மொறிஸ் மைனரின் பழைய எஞ்சினில் இரு சக்கரங்களின் புள்ளிகளும் ஒன்றையொன்று நேருக்கு நேர் பார்த்து நின்றால் போதும். மேல்தண்டு தலைப்பகுதிக்கு ஏறிவிட்ட எஞ்சின்களில், சங்கிலியிலேயே நிறம் மாறிய சில இணைப்புகள் இருக்கும்; ஒவ்வொன்றும் தனக்குரிய புள்ளியின்மேல் அமர வேண்டும். மேற்சக்கரத்துக்கு 40 பற்கள் என்றால் ஒரு பல் பிசகுவது மேல்தண்டில் 9 பாகை, கீழ்த்தண்டில் 18 பாகை. புத்தம்புதிய சங்கிலியைப் பூட்டி, ஆண்டுக்கணக்கான தேய்வு செய்த பிழையைக் காட்டிலும் பெரிய பிழையை ஒரே பிற்பகலில் செய்துவிட முடியும்.

பழைய பொருளை அகற்றிப் புதியதை வைப்பதே பழுதுபார்த்தல் என்னும் பொதுப்புரிதல் இவ்விடத்தில் போதாமற் போகிறது. கடையில் வாங்கிய பெட்டிக்குள் சங்கிலி இருக்கிறது, வழிகாட்டி இருக்கிறது, டென்ஷனர் இருக்கிறது. இரு தண்டுகளுக்கும் இடையிலுள்ள உறவு அதற்குள் இல்லை. அது பழைய எஞ்சினில், பிரிக்கப்படும் கணம்வரை இருந்தது. குறியிடப்பட்டிருந்தால் மட்டுமே பிரித்தபின்னும் இருக்கும்.

தெல்தெனிய இதை வேறொரு அளவில் அறிந்த ஊர். துரித மகாவலித் திட்டத்தின் கீழ்ப் பிரித்தானிய உதவியுடன் கட்டப்பட்ட விக்டோரியா அணை, 122 மீற்றர் உயரமும் 520 மீற்றர் நீளமும் கொண்டு, 1985 ஏப்ரலில் திறந்துவைக்கப்பட்டது. நாட்டின் மிக உயரமான அணை அதுவே. 210 மெகாவாட் மின்னுக்கும் தொலைவிலுள்ள வயல்களுக்குமாகத் தேக்கிய நீருக்குள் பழைய தெல்தெனிய நகரம் போயிற்று. ஆயிரக்கணக்கான குடும்பங்கள் பெயர்ந்தன; மேட்டில் புதிய நகரம் எழுந்தது. பேருந்து நிலையம், சந்தை, பாடசாலை என்று உறுப்புகளின் பட்டியலை வைத்து ஒத்துப்பார்த்தால் நகரம் முழுமையாகவே மாற்றிப் பூட்டப்பட்டது எனலாம். நட்டஈட்டுக் கணக்கு பரப்பையும் பெறுமதியையும் கொண்டு நடப்பது. எந்தக் கடை எந்த மரத்துக்கு எதிரே இருந்தது, யார் வீட்டு வாசலைக் கடந்து யார் ஆற்றுக்குப் போனார் என்னும் நிரலுக்கு அதில் பத்தி கிடையாது. வறட்சியில் நீர்மட்டம் இறங்கும் ஆண்டுகளில் பழைய கட்டடங்களின் எச்சங்கள் சேற்றுக்கு மேலே தலைகாட்ட, மக்கள் இறங்கிச் சென்று பார்க்கிறார்கள். பொருந்த வேண்டிய மறுபகுதி இல்லாமல் நிற்கும் குறிகள் அவை. உவமையை இதற்குமேல் இழுத்தால், தேய்ந்த சங்கிலியைப் போல் அதுவும் தளர்ந்துவிடும்.

முற்றத்தில், சங்கிலி பூட்டி டென்ஷனரையும் இறுக்கிய பின்னர், ஸ்ரார்ட்டரைத் தொடாமல் கீழ்த்தண்டை ஸ்பானரால் கையாலேயே இரண்டு முழுச் சுற்றுச் சுற்றிப் பார்ப்பது கட்டாயம். டீசல் எஞ்சினில் இது குறிப்பாக முக்கியம். அதன் பிஸ்டன் உச்சியில் வால்வுக்கு இடம் மிகக் குறைவு என்பதால், பிழையிருந்தால் இரண்டும் மோதும். கையால் சுற்றும்போது மோதினால் சுழற்சி நின்றுவிடும், அவ்வளவே. ஸ்ரார்ட்டரால் சுற்றும்போது மோதினால் வால்வு வளையும். இரண்டாம் சுற்றின் முடிவில் புதியவர்களைப் பதறவைக்கும் காட்சி ஒன்று காத்திருக்கிறது: சக்கரப் புள்ளிகள் தத்தம் இடத்துக்குத் திரும்பியிருக்க, சங்கிலியின் நிறம் மாறிய இணைப்புகள் எங்கோ போயிருக்கும். இதில் பிழை ஏதுமில்லை. கீழே 20 பல், மேலே 40 பல், சங்கிலியில் 98 இணைப்பு என்று ஒரு கணக்கு வைத்துக்கொண்டால், அவ்விணைப்புகள் தம் புள்ளிகளின்மேல் மறுபடி ஒருசேர வந்தமரக் கீழ்த்தண்டு 98 முறை சுற்ற வேண்டும். நிற இணைப்புகள் பூட்டும் கணத்துக்கு மட்டும் உரியவை. அதற்குப் பிறகு நம்பத்தக்கவை சக்கரப் புள்ளிகளே. இதை அறியாமல், சரியாகப் பூட்டிய சங்கிலியை மீண்டும் கழற்றித் தவறாகப் பூட்டியவர்கள் இருக்கிறார்கள்.

மூடியின் விளிம்பில் சிலிக்கன் பசை இழுத்து, அது காயும்வரை விட்டு, ஒயிலும் நீரும் நிரப்பிய பின், முதலில் எரிபொருளைத் துண்டித்த நிலையில் ஸ்ரார்ட்டரை மட்டும் சில நொடிகள் சுழற்றுவது அனுபவசாலிகளின் வழக்கம். வெறுமையாகியிருக்கும் ஒயில் பாதைகள் அதனால் ஓரளவு நிறையும். அப்படிச் செய்தாலும், எஞ்சின் உயிர்பெறும் முதற்கணத்தில் டென்ஷனருக்குள் அழுத்தம் முழுமையாக ஏறியிருக்காது. இத்தனை வேலைக்கும் காரணமாயிருந்த அதே கடகடப்பு, புதிய சங்கிலியிலிருந்தும் கேட்கும். சாவியைத் திருப்பி அணைக்கத் துடிக்கும் கையை அடக்கிக்கொண்டு, அருகில் நிற்பவர் ஒயில் அழுத்த விளக்கைப் பார்த்தபடி காத்திருக்க, இரண்டு அல்லது மூன்று நொடிகளில் விளக்கு அணைகிறது. ஒலியும் அதனோடு அடங்குகிறது.